ஏழாம் நம்பர் சீசா

அவரிடம் மழை வருமா என்று கேட்கக் கூடாது. கேட்டால் அண்ணாந்து பார்ப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்ப்பார். பிறகு, "மேகம் இருக்குதுங்க" என்பார். அதோடு சரி. மேகம் இருப்பது கேட்டவருக்கே தெரியும். எங்கள் சேலத்துத் தெருவில் விடிந்ததும் நெசவுக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுகிறவர்கள் அதிகம். நாலு தூறல் விழுந்தால் ஒரு நாள் வேலை போச்சு. படித்தவராயிற்றே, பூதக்கண்ணாடி வேறு வைத்திருக்கிறாரே என்று முதலில் அவரைத்தான் கேட்டார்கள். நாலைந்து தடவை இதே பதிலை வாங்கிக்கொண்டபின் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

மழையாவது பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று விசாரிக்க ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பார்த்தால் பெரிய மனிதராகத் தெரிந்ததால் நேரே இவரிடம் போனார்கள்.

"பையன் எப்படிங்க?"

"காத்தால எட்டு மணிக்கு இந்த வழியாப் போவாருங்க. சாயந்திரம் ஆறு மணிக்கு வருவாருங்க."

"அது சரி, குணம்?"

"அதை நான் பாக்கலீங்களே."

அந்தச் சம்பந்தம் அன்றைக்கே கலைந்தது. பையனின் அம்மா மூன்று மாதம் அவர் வாசலைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். தான் செய்த தப்பு என்ன என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "நல்லவருன்னும் நான் பாக்கல, கெட்டவருன்னும் நான் பாக்கல. பாத்ததைத்தானே தம்பி சொன்னேன்?" என்று என்னிடம் வந்து முறையிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

என்னிடம் ஏன் வந்தார் என்றால், அந்த ஊரில் அவரோடு அடிக்கடி பேசுகிற ஆள் நான் ஒருவன்தான். சேலத்தில் அப்போதிருந்த ரயில் நிலையங்களில் ஒன்றில் நான் பார்சல் குமாஸ்தா. பதினைந்து நாளுக்கு ஒரு முறை அவர் பெயருக்குக் காலைப் பாசஞ்சரில் ஒரு மரப்பெட்டி வரும். ராமநாதபுரத்துக் கடல் பக்கமிருந்து திருச்சியில் வண்டி மாறி, ஈரோடு வழியாக எங்கள் கைக்கு வந்து சேரும். உள்ளே வைக்கோலில் பொதிந்த பன்னிரண்டு சீசா. ஒவ்வொன்றிலும் கடல் தண்ணீர்.

முதல் தடவை பெட்டியைக் கொடுத்தபோது, மருந்துக்கா என்று கேட்டேன். இல்லை, பார்ப்பதற்கு என்றார். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஜனங்கள் ரயில் ஏறிக் கடலுக்குப் போவார்கள். இவருக்குக் கடல் ரயில் ஏறி வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் பிறகு தெரிந்தது. அந்தக் கரையை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னத் தீவுகள். அதில் ஒன்றில், கடல் தண்ணீரைச் சோதிக்கும் ஓர் இடத்தில் அவர் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறார். நெஞ்சில் கோளாறு வந்தது. ஈரக்காற்று ஆகவே ஆகாது, வறண்ட ஊராகப் பார்த்துப் போய்விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். வறண்ட ஊரை எங்கே தேடுவது? சொந்த ஊரே அதுதான். மனைவியோடு சேலத்துக்கே வந்துவிட்டார். ஆனால் அவருடைய கண்ணை இழக்க அங்கிருந்த மேலதிகாரிக்கு மனமில்லை. அதனால் தண்ணீரை அனுப்ப ஆரம்பித்தார்கள்.

அவர் பார்த்தது தண்ணீரை என்றுகூடச் சொல்ல முடியாது. தண்ணீரிலிருக்கிற, கண்ணுக்குத் தெரியாத பாசிகளை. அவர் அவற்றைப் பொடிச்செடி என்பார். ஜன்னலோரம் மேஜை போட்டு, அதில் நுண்நோக்கியை வைத்து, வெயில் கண்ணாடியில் விழுந்து மேலே ஏறும்படி திருப்பிக்கொண்டு, காலை ஒன்பது மணியிலிருந்து வெளிச்சம் சாயும்வரை உட்கார்ந்திருப்பார். ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடிச் சில்லில் வைத்து, அதில் எந்தெந்தச் செடி, எத்தனை என்று எண்ணுவார். எண்ணும்போது வீட்டுக்குள் யாரும் பேசக் கூடாது. அவர் மனைவி அந்த நேரத்தில் தாளிக்கக்கூட மாட்டார்.

ஒரு நாள் என்னையும் பார்க்கச் சொன்னார். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு தெரிந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். மூடியும் அடியும் பொருந்திய கண்ணாடிச் சிமிழ்கள். சங்கிலியாகக் கோத்து, கணுவுக்குக் கணு மயிர் நீட்டிக்கொண்டு சில. வைக்கோல் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டுகளாகச் சில. கடலையே பார்க்காதவன் நான். கடல் என்றால் நீலமாக ஒரு பெரிய ஏரி என்றுதான் நினைத்திருந்தேன்.

"இந்தச் சங்கிலி இருக்குதே, இது தண்ணி நல்லாக் கலங்கி, அடித்தண்ணி மேல வந்தாத்தான் இப்படிப் பெருகும். ஒண்ணாம் சீசாவுலயிருந்து ஆறு வரைக்கும் தீவுக்குத் தெக்கால மொண்டது. அதுல பூரா இதுதான். ஏழுலயிருந்து பன்னெண்டு வடக்கால மொண்டது. அதுல இந்த வைக்கோல்கட்டு. இது சூடா, அசையாமக் கெடக்குற தண்ணிக்கு வர்றது" என்றார்.

"அப்பத் தெக்கால கடல் கொந்தளிப்பா இருக்குதுங்களா?"

"சங்கிலி இருக்குது."

"கொந்தளிப்புன்னு சொல்லக் கூடாதுங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "கலங்கியிருக்குதுன்னு சொல்லலாம்" என்று பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் இருந்த சீட்டை எடுத்தார். எண்ணி முடிக்கும்வரை அந்தச் சீட்டைப் படிக்க மாட்டார். எழுதியது தோணிக்காரர். தீவுகளைச் சுற்றித் தோணியில் போய்த் தண்ணீர் மொண்டு, கெடாமலிருக்க மருந்து விட்டு, கார்க்கை அடைத்து அனுப்புகிறவர் அவர்தான். கூழாங்கல் பரப்பினாற்போல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பெரிது பெரிதாக இருந்தது. 'தெற்கே பெரிய அலை. தோணி ரொம்ப ஆடியது. வடக்கே அலை இல்லை.' முந்நூறு மைல் தள்ளி, ஜருகுமலையைப் பார்த்த ஜன்னலில் உட்கார்ந்து ஒரு சொட்டில் சொன்னது அப்படியே இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் சீட்டை மடித்து மற்றச் சீட்டுகளோடு வைத்தார்.

"இவரு எப்படி எழுதுவாரு பாருங்க" என்று பழைய சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில், 'ஒன்பதாவது இடத்துக்குப் போகலை. காய்ச்சல். சீசா காலி' என்று இருந்தது. அந்த முறை ஒன்பதாம் சீசா காலியாகவே வந்ததாம். "போகாத எடத்துக்குப் போகலைன்னு எழுதறவர் தம்பி. இது மாதிரி ஆளு கெடைக்கறது கஷ்டம்." அவர் ஒருவரைப் பற்றி அவ்வளவு சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

அவர் மனைவியைப் பற்றியும் சொல்லவேண்டும். தினமும் விடியற்காலையில் மாதா கோயிலுக்குப் பூசை காணப் போய்வருவார். திரும்பி வந்து முக்காட்டை எடுக்கும் முன் கணவரிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. நான் நாலைந்து முறை என் காதால் கேட்டிருக்கிறேன்.

"ஏனுங்க, இருமல் கொறஞ்சிருக்குதுங்களா? நல்லாயிருமுங்களா?"

"ராத்திரி ரெண்டு தடவை இருமினேன். நல்லாகறது இனிமேல்தானே? அதை எப்படிப் பாக்கறது?"

அந்த அம்மாள் அடுப்படிக்குப் போய்விடுவார். ஒரு நாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு பேச்சுக்கு நல்லாயிரும்னு சொன்னா என்னங்க ஐயா கொறஞ்சுபோகுது?" என்று கேட்டேன். "சொல்லிட்டா அவ நம்பிருவா தம்பி" என்றார். என் கோபம் போய்விட்டது.

இந்த நிலையில்தான் எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. ராஜதானியிலேயே முதலில் எங்கள் சேலத்துக்குத்தான் அந்தப் பாக்கியம். கள்ளுக்கடைகள் மூடினார்கள். ரயிலில் வருகிற சீசா எதுவானாலும் மோந்து பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். நல்லெண்ணெய் மோந்தார்கள், பன்னீர் மோந்தார்கள், இருமல் மருந்து மோந்தார்கள். ஒரு நாள் காலை அவருடைய பெட்டி வந்து இறங்கிய நேரத்துக்கு ஓர் அதிகாரி என் ஆபீசில் நின்றுகொண்டிருந்தார். பெட்டிக்குச் சொந்தக்காரரும் வந்து சேர்ந்தார்.

"இதுல என்ன இருக்கு?" என்றார் அதிகாரி.

"கடல் தண்ணிங்க."

"சாராயம் கலந்திருக்கா?"

கடல் தண்ணீர் என்றால் கடல் தண்ணீர். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருப்பார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் இன்னும் பாக்கலீங்களே" என்றார்.

அவ்வளவுதான். பெட்டியைத் திற என்றார் அதிகாரி. ஒவ்வொரு கார்க்காகப் பிடுங்கினார், மோந்தார், மருந்து நெடியில் தும்மினார். ஏழாவது, எட்டாவது சீசாக்களை மோந்தபோது கண்ணில் தண்ணீர் வந்து, "சரி, எல்லாத்தையும் மூடு" என்று என்னிடம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். கையெழுத்துப் போடக் கூடவே வரச் சொல்லி இவரையும் அழைத்துக்கொண்டு போனார். பெட்டியை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு.

நான் கார்க்குகளை அடைத்து, பெட்டியை மூடி, மற்றச் சாமான்களுக்கு இடம் வேண்டுமென்று சாய்த்து வைத்தேன். மத்தியானம் பார்த்தால் பெட்டிக்குக் கீழே தரை நனைந்திருந்தது. ஏழும் எட்டும் சரியாக அடைபடாமல் பாதிக்கு மேல் வைக்கோலில் வடிந்துவிட்டன.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகவில்லை, நிரந்தரமாகவும் இல்லை. பார்சல் சேதம் என்று என் பெயரில் ஒரு வரி எழுதினால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் தறிக்குழியில் கால் வைக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி, ராசிபுரத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. சுவரில் நெருப்பணைக்கிற சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கின. மாதக்கணக்கில் மாற்றாத தண்ணீர், லேசாகப் பச்சை பிடித்திருந்தது.

கிணற்றுத் தண்ணீர் பளிச்சென்று இருக்கும், காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தேன். கடல் தண்ணீரும் லேசாகப் பசுமை தட்டித்தானே இருக்கிறது? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, வாளித் தண்ணீரை இரண்டு சீசாவிலும் நிரப்பினேன். சோற்றுப் பொட்டலத்திலிருந்த உப்பையும் போட்டுக் குலுக்கினேன். உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்கப் போய், நெடியில் நிறுத்திக்கொண்டேன். மறுநாள் அவர் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். ஈர வைக்கோலை மாற்றியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் மறுபடி வந்தார். கையில் நாலு சின்னக் குப்பி.

"தம்பி, ஸ்டேஷன் கெணத்துலயிருந்து ஒரு கரண்டித் தண்ணி வேணும். இஞ்சினுக்கு ஊத்தற தொட்டியிலயிருந்து ஒண்ணு. குடிக்கற பானையிலயிருந்து ஒண்ணு." பிறகு சுவரைப் பார்த்தார். "அந்த வாளியிலயிருந்தும் ஒண்ணு."

"எதுக்குங்க ஐயா?"

"பெட்டி வந்த வழியெல்லாம் பாக்கோணும். எங்கூட்டுக் கொடத்துத் தண்ணியைப் பாத்துட்டேன்."

எடுத்துக் கொடுத்தேன். வாளிக்கு மட்டும் நான் கடைசியாகப் போனதை அவர் பார்த்தாரா என்று தெரியாது. பார்த்திருந்தால் எங்கோ குறித்து வைத்திருப்பார்.

அடுத்த நாள் வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். போகாமலிருக்க முடியவில்லை. ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. இரண்டு சில்லுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்க்கச் சொன்னார். முதலாவதில் வைக்கோல்கட்டுகளுக்கு நடுவே, ஓரத்தில் பல் வைத்த பச்சைச் சக்கரங்கள் சில. நாலு பச்சை மணிகள் ஒட்டி, இரண்டு ஓரத்திலும் வால் நீட்டியவை சில. இரண்டாவதில் அதே சக்கரம், அதே நாலு மணிகள்.

"மொதல்ல பாத்தது ஏழாம் நம்பர் சீசா. ரெண்டாவது உங்க வாளி. இந்தச் செடி உப்புத் தண்ணியில பொழைக்காது. கடல்ல இது கெடையாது." குரலில் கோபம் எதுவுமில்லை. "கெணத்துத் தண்ணியில இது ஒண்ணுகூட இல்லை. அதை ஊத்தியிருந்தா எண்ணிக்கை கொறஞ்சிருக்குதுன்னு மட்டும் எழுதியிருப்பேன்."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். போன வாரம் மேலதிகாரி எழுதியது. தோணிக்காரர் தீவுகளைச் சுற்றிப் போகாமல் கரைப்பக்கமே மொண்டு அனுப்புவதாக யாரோ சொல்கிறார்கள், தண்ணீரில் சந்தேகத்துக்கு ஏதாவது இருந்தால் உடனே எழுதவும், ஆளை மாற்றிவிடலாம் என்று அதில் இருந்தது.

"தோணிக்காரர் ஊட்டுக்குப் பக்கத்துலயே ஒரு ஊருணி இருக்குது. எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். "ஏழுலயும் எட்டுலயும் நல்லதண்ணிச் செடி இருக்குதுன்னு நான் எழுதினா, ஊருணியில மொண்டுட்டாருன்னுதான் அங்க நெனைப்பாங்க. உங்க வாளியில இருக்குதுன்னும் எழுதறேன். ஆனா இந்தச் செடி எல்லா ஊரு ஊருணியிலயும் இருக்குமே. வாளியிலயிருந்து சீசாவுக்கு எப்படிப் போச்சுன்னு கேட்டா, நான் பாக்கலையே."

"எழுதாம விட்டுட்டா?"

"பாத்துட்டேனே."

வெள்ளிக்கிழமைத் தபாலில் எழுதவேண்டும் என்றார். அன்றைக்குப் புதன். நீ ஊற்றினாயா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். அந்த வார்த்தையை வாயில் தயாராக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார். குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை முழுவதும் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். தோணிக்காரர் யாரோ, நான் யாரோ. நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, அவருடைய கடலையும் பார்த்ததில்லை. அவருக்கு மீன் பிடிக்கத் தெரியும், எனக்கு ரசீது போடத்தான் தெரியும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, சாயந்திரம் அந்தக் காலிப்பெட்டி கண்ணில் படும்வரை. காலிச் சீசாக்களைத் திருப்பி அனுப்புவதற்காக ஐயா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மூடியில் தோணிக்காரர் ஒட்டிய பழைய தாள் கிழியாமல் இருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் அது இருக்கும். விலாசத்தைத் தாண்டி நான் படித்தது கிடையாது. விலாசத்துக்குக் கீழே அதே பெரிய எழுத்தில், 'பார்சல் அய்யா அவர்களுக்கு. சாய்க்காமல் வைக்கவும். தூரத்திலிருந்து மொண்டது' என்று எழுதியிருந்தது.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை அந்த மனிதர் எனக்குத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். நான் சாய்த்து வைத்தேன். அதை நினைத்தபோது வந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் அவர் வீட்டுக்குள் நுழைந்து, உட்காராமலே சொன்னேன். "நான்தானுங்க ஊத்தினேன். ஏழும் எட்டும். சாஞ்சு வடிஞ்சுபோச்சு. பயத்துல வாளித் தண்ணியை ஊத்தி உப்பைப் போட்டேன்."

"எவ்வளவு வடிஞ்சிருந்துச்சு?"

"பாதிக்கு மேலங்க."

"உப்பு?"

"ரெண்டு சிட்டிகை."

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அவர் தாளை எடுத்து வைத்துக் கடிதம் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததும் என்னிடம் நீட்டினார். மேலதிகாரிக்குத் தமிழ் தெரியும் என்பதால் தமிழிலேயே எழுதியிருந்தார். ஏழிலும் எட்டிலும் என்னென்ன இருந்தது, வாளியில் என்ன இருந்தது, பார்சல் குமாஸ்தா தாமே வந்து என்ன சொன்னார், எல்லாம் ஒன்றுவிடாமல் இருந்தது. 'தோணிக்காரர் தண்ணீரில் குறை எதையும் நான் பார்த்ததில்லை.' கடைசி வரியைப் படித்ததும் எனக்கு எழுத்து மங்கிவிட்டது. 'இந்தக் குமாஸ்தா நம்பத்தகுந்தவர். இனிப் பெட்டிகளை இவர் கையிலேயே கொடுக்கலாம்.'

"ஐயா, இது நீங்க பாக்காததுங்களே" என்றேன். "மழை வருமான்னு கேட்டா மேகம் இருக்குதும்பீங்க. என்னைப் பத்தி எப்படி எழுதறீங்க?"

"பாத்தேனே" என்றார். "கேக்காமயே வந்து சொன்னீங்க. அதைப் பாத்தேன்."

தோணிக்காரர் வேலை பிழைத்தது. என்னுடையதும் பிழைத்தது, ஒரு மாதிரியாக. கடிதத்தின் நகல் எங்கள் மேலிடத்துக்கும் போய், கண்டித்து எழுதி, ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு என்னை மாற்றினார்கள். நாளுக்கு இரண்டு பாசஞ்சர் நிற்கும். முட்டைக்கூடையும் வெற்றிலைக்கட்டும் ஏற்றுவது வேலை. மனைவி பிள்ளையோடு அங்கேயே வந்துசேர்ந்தாள். நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னபோது, "வாளித் தண்ணியா ஊத்துனீங்க?" என்று அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள்.

ஒரு விஷயத்தில் அந்த ஸ்டேஷன் எனக்கு ஒத்துவந்தது. சேலத்துக்குப் போகும் காலைப் பாசஞ்சர் அங்கே நிற்கும். கார்டு வண்டியில் கூடையை ஏற்றும்போது எட்டிப் பார்ப்பேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை அந்தப் பெட்டி, பெரிய எழுத்தோடு, சாயாமல் உட்கார்ந்திருக்கும். தோணிக்காரர் சுகம். இரண்டு மூன்று நாள் கழித்து எதிர்ப்பக்கம் போகிற வண்டியில் காலிச் சீசாப் பெட்டி வரும். அதில் அவருடைய பொடி எழுத்து. அவரும் சுகம். கடுதாசி எழுதி விசாரிக்கவேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை.

யுத்தம் ஆரம்பித்த பிறகு ஒரு நாள் காலிப்பெட்டியின் மேல் எழுத்து மாறியிருந்தது. சாய்வான, கோணல்மாணலான எழுத்து. கார்டு விசில் ஊதும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த பெட்டியிலும் அதே எழுத்து. மனம் என்னென்னவோ சொன்னது. போய்ப் பார்க்கப் பயமாக இருந்தது. "சேலம் என்ன சீமையிலயா இருக்குது? போயிப் பாத்துட்டு வாங்க" என்று மனைவிதான் தள்ளிவிட்டாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். உள்ளே கட்டிலில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வைக்குள் ஆள் பாதியாகியிருந்தார். ஜன்னலோர மேஜையில் நுண்நோக்கி திறந்தே இருந்தது. பக்கத்தில் பென்சில், சில்லுகள், புதிதாக வந்த பன்னிரண்டு சீசா. தாளில் அதே கோணல் எழுத்தில் சங்கிலிகளும் வைக்கோல்கட்டுகளும் எண்ணி வைக்கப்பட்டிருந்தன.

"அவரு சொல்லிக் குடுத்தாரு சாமி. நான் பாக்கறதைச் சொல்லுவேன், அவரு பேரு சொல்லுவாரு" என்று மெதுவாகச் சொன்னார்.

வாசலுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். "டாக்டர் என்னங்க சொல்றாரு? நல்லாயிருமுங்களா?"

தினமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் அவர். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, உள்ளே ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"இன்னைக்கு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாரு சாமி" என்றார். "அதைப் பாத்தேன்."

திரும்பிப் போகிற வண்டிக்கு நேரமாகிவிட்டது. போகும்போது, போன முறைக் காலிச் சீசாப் பெட்டியை ஸ்டேஷனில் கொடுத்துவிட முடியுமா என்று அம்மாள் கேட்டார். வாங்கி, சாய்க்காமல் பிடித்துக்கொண்டு நடந்தேன்.